பந்து கொண்டு வருகிறார்கள், படம் கொண்டு போகிறார்கள்!



சென்ற இரண்டு மாதமாக நம் சங்க அலுவலகத்துக்கு ஒரே விஷயம் இரண்டு வாசல் வழியாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு வாசலில் தாய்மார்கள் வந்து, "வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நம்ம குழந்தைகளுக்குப் பந்து விளையாடச் சொல்லிக் கொடுக்கிறார்களாமே, அனுப்பலாமா?" என்று கேட்கிறார்கள். மற்றொரு வாசலில் கழுத்தில் காவித் துண்டோடு சிலர் வந்து, "மதம் மாற்ற வந்திருக்கிறான், உங்கள் சங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதே, ஏன்?" என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நம் பதில் என்ன என்பதைப் பகிரங்கமாக எழுதிவிடுவதே முறை. ஆளுக்கொரு பேச்சுப் பேசும் வழக்கம் நம் சங்கத்துக்கு இல்லை.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கொரியா முதலிய நாடுகளின் சபைகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள் விடுமுறைக் காலத்தில் ஏழை நாடுகளுக்குப் புறப்படுகின்றன. கையில் பந்து, வலை, விசில், பனியன். காலையில் குழந்தைகளோடு கால்பந்தோ கூடைப்பந்தோ ஆடுவது, இடைவேளையில் வேதாகமக் கதை சொல்லி ஜெபிப்பது, மாலையில் பாட்டு. ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம், பிறகு விமானம். சபைத் தமிழில் இதற்கு 'விளையாட்டு ஊழியம்' என்று பெயர். இது சிறிய காரியமல்ல. அமெரிக்காவில் கிறிஸ்தவ விளையாட்டு வீரர்களுக்கென்று 1954-லும் 1966-லும் தொடங்கப்பட்ட பெரிய அமைப்புகள் இன்றும் இருக்கின்றன. விளையாட்டு, கட்டிடம், மருத்துவம் என்று எல்லா வகையும் சேர்த்து, ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் அமெரிக்கச் சபையார் இத்தகைய குறுகிய காலப் பயணமாக வெளிநாடு போகிறார்கள் என்று அந்நாட்டுச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்நோ 2005 வாக்கில் கணக்கிட்டார். உகாண்டாவுக்கும் கம்போடியாவுக்கும் குவாத்தமாலாவுக்கும் போகிற அந்தக் கூட்டத்தின் ஒரு சிறு கிளைதான் நம் சால் வீடுகளுக்கு நடுவிலும் வந்து நிற்கிறது.

நாம் கிறிஸ்துவுக்கோ சபைக்கோ எதிரிகள் அல்ல. நம் உறுப்பினரில் நல்ல பகுதியினர் திருநெல்வேலி, கன்னியாகுமரிச் சீமைகளிலிருந்து வந்த கோயில் பிள்ளைகள். பள்ளிக்கூட வாசலை மிதிக்கக் கூடாது என்று மேல்சாதியார் விரட்டிய காலத்தில், நம் பாட்டன் பாட்டிகளுக்குச் சிலேட்டும் பலப்பமும் கொடுத்தவர்கள் மிஷனெரிகள். அந்த நன்றியை மறக்கிற கூட்டமல்ல நாம்.

விளையாட்டுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவும் நேற்று வந்ததல்ல. கூடைப்பந்து 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உண்டாக்கிய ஆட்டம். கைப்பந்தை 1895-இல் ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் உண்டாக்கினார். அதுவும் ஒய்.எம்.சி.ஏ.தான். அந்த இயக்கத்தின் சார்பில் சென்னைக்கு வந்த ஹாரி க்ரோ பக் 1920-இல் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதிய 'டிரில் மாஸ்டர்' பரம்பரை அந்தக் கல்லூரியிலிருந்து வளர்ந்தது. பக் பத்து நாளில் திரும்பிப் போகவில்லை. 1943-இல் சாகும்வரை இங்கேயே உழைத்தார்.

காஷ்மீரத்தில் டிண்டேல்-பிஸ்கோ என்ற பாதிரியார் 1891-இல் ஸ்ரீநகர்ப் பள்ளிக்கு ஒரு கால்பந்து கொண்டுபோனார். அது தோலால் ஆனது என்று தெரிந்ததும் பிராமண மாணவர்கள் தொட மறுத்தார்கள். பந்து ஒருவன் முகத்தில் பட்டபோது தீட்டு என்று அலறினார்கள், தண்ணீருக்கு ஓடினார்கள். தோல் பதனிடும் தொழிலுக்காகவே தாராவிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் இதைப் படித்துச் சிரிக்கட்டும், சிந்திக்கட்டும். தங்கள் கையால் பதப்பட்ட தோலைக் காலால் தொடுவதுகூடத் தீட்டு என்ற நாட்டில்தான் பந்து உருண்டது. பிரம்போடு ஆசிரியர்களை நிறுத்தி மாணவர்களை ஆட வைத்த பிஸ்கோவின் முறையை நாம் மெச்சவில்லை. ஆனால் அவர் 1890 முதல் 1947 வரை அந்த ஊரிலேயே இருந்து, செய்ததற்கெல்லாம் பதில் சொல்லும் இடத்தில் நின்றார்.

இன்னொருவரையும் சொல்லலாம். எரிக் லிடெல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர். புகழின் உச்சியிலிருந்து மறு வருஷமே சீனாவுக்கு ஆசிரியராகப் போனார். போரில் ஜப்பானியர் அமைத்த முகாமில் அடைபட்டு 1945-இல் அங்கேயே இறந்தார். முகாமுக்குள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டபோது, தங்கத்துக்காக ஞாயிறை விடாத அந்த மனிதர் குழந்தைகளுக்காக அதை விட்டுவிட்டு நடுவராக நின்றார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மனிதர்களை அளவுகோலாக வைத்துத்தான் இன்றைய பத்து நாள் ஊழியத்தை அளக்கிறோம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் ஊர்ப் பேச்சு. அளந்து பார்ப்போம். பதினைந்து பேர் வருகிறார்கள், விமானக் கட்டணம் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தங்கும் செலவு, கார், சாப்பாடு எல்லாவற்றையும் தள்ளிவிடுவோம். பயணத்துக்கு மட்டும் 15 லட்சம். நம் பகுதியில் ஆடத் தெரிந்த, படித்த, வேலையில்லாத ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ மாதம் 15 ஆயிரம் கொடுத்துப் பயிற்சியாளராக வைத்தால் வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். அந்தப் பயணச் செலவில் எட்டு வருஷம் தினந்தோறும் பயிற்சி நடக்கும். இரண்டாம் வகுப்பில் பந்தைத் தொட்ட குழந்தை பத்தாம் வகுப்புவரை ஒரே பயிற்சியாளரிடம் ஆடலாம்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. ஹோண்டுராஸ் நாட்டை 1998-இல் மிட்ச் புயல் அடித்து நொறுக்கியது. வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் தாங்களே போய் வீடு கட்டிக் கொடுத்தன. அதைக் கர்ட் வெர் பீக் என்ற அறிஞர் ஆராய்ந்து 2006-இல் எழுதினார். அவரே கிறிஸ்தவர், அந்நாட்டிலேயே வாழ்கிறவர். உள்ளூர்க்காரர் சுமார் 2,000 டாலரில் கட்டும் வீட்டுக்கு, வெளியிலிருந்து வந்த குழுவின் மொத்தச் செலவு 30,000 டாலர் வரை ஆயிற்று. பதினைந்து வீட்டுப் பணத்தில் ஒரு வீடு! வீடு இல்லாத மற்ற பதினான்கு குடும்பம் எங்கே படுத்தது என்று எந்த ஊழிய அறிக்கையில் எழுதியிருக்கிறது?

"அவர்கள் பணம், அவர்கள் இஷ்டம். உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். பணம் மட்டும் என்றால் நாமும் பேசாமல் இருப்போம். எங்கள் குழந்தைகள் அதில் சரக்காகிறார்கள் என்பதால் பேசுகிறோம்.

நம் பகுதியில் வந்து போன ஒரு குழுவை எல்லாரும் பார்த்தோம். அந்த இளைஞர்கள் கெட்டவர்கள் அல்ல. வெயிலில் வியர்க்க வியர்க்க ஆடினார்கள், சிரித்தார்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கினார்கள். ஆனால் பந்து ஆடிய நேரத்துக்குக் குறையாமல் படம் எடுத்தார்கள். சட்டை போட்ட குழந்தையை விட்டுச் சட்டையில்லாத குழந்தையைத் தேடி எடுத்தார்கள். விளையாட்டுத் திடலை விட்டுச் சாக்கடை ஓரத்தில் நிறுத்தி எடுத்தார்கள். காலை ஷிப்டுக்குப் போன தாயிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தப் படம் அவர்கள் ஊரில் அடுத்த வருஷ நிதி வசூலுக்குச் சுவரொட்டி ஆகும். ஒரு பனியனுக்கு நம் பிள்ளையின் முகம் விலை!

இதே படத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நம் தெருவிலிருந்து பதினைந்து பேர் லண்டனுக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று, பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளைத் தூக்கிப் படம் எடுத்தால் என்ன நடக்கும்? பத்து நிமிஷத்தில் போலீஸ் வரும். அது சரியும்கூட. இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு முறையாகப் பயிற்சி தருபவர் டி.பி.எஸ். என்ற குற்றப்பதிவுச் சான்று பெற வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அப்படி ஒரு சான்று உண்டு. சும்மா வைத்த விதி அல்ல அது. இங்கிலாந்துக் கால்பந்தில் பயிற்சியாளர்கள் சிறுவர்களைப் பாழாக்கிய பழைய கொடுமைகள் 2016-இல் வெளியே வந்தன. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசருக்கு 2018-இல் ஆயுளுக்கும் வெளிவர முடியாத தண்டனை கிடைத்தது. விளையாட்டு, அன்பு, நம்பிக்கை என்ற பெயரில் குழந்தையை நெருங்குபவரைச் சோதிக்க வேண்டும் என்பதை அந்த நாடுகள் கண்ணீர் விட்டுக் கற்றுக்கொண்டன. அவர்கள் குழந்தைக்கு உள்ள காவல் நம் குழந்தைக்கு ஏன் வேண்டாம்? ஏழை வீட்டுக் குழந்தை என்றால் தெருவில் கிடக்கிற பொருளா? நமக்கும் 2012-இன் போக்சோ சட்டம் இருக்கிறது. வந்தவர் வெள்ளைக்காரர் என்றால் அது தூங்கிவிடுமா?

'அனாதைகள்' என்ற சொல்லிலும் நமக்கு வழக்கு உண்டு. வேலைக்குப் போன தாயின் பிள்ளை பகலில் தனியாக இருந்தால் அவன் அனாதை அல்ல. ஹைத்தியில் 2010 ஜனவரியில் பூகம்பம் வந்தது. அந்த மாதமே அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பாப்டிஸ்ட் குழுவினர் பத்துப் பேர், தக்க ஆவணம் இல்லாமல் 33 குழந்தைகளைப் பஸ்ஸில் ஏற்றி எல்லை தாண்டப் பார்த்துப் பிடிபட்டார்கள். அனாதைகளைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். விசாரித்தால் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள்! கம்போடியாவில் அனாதை இல்லங்களில் இருந்த குழந்தைகளில் சுமார் நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாகத் தெரியவந்தது. தொண்டு செய்ய வருகிற பயணிகளுக்குக் காட்டக் குழந்தை வேண்டும், குழந்தை இருந்தால் நன்கொடை வரும், நன்கொடை வந்தால் இல்லம் பெருகும். இதுதான் அங்கே நடந்த வியாபாரம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையே 2019 டிசம்பர் தீர்மானத்தில் இத்தகைய அனாதை இல்லத் தொண்டுப் பயணங்களின் தீங்கைக் குறித்து எச்சரித்தது.

சட்டச் சிக்கல் வந்தால் யார் தலையில் விடியும் என்பதையும் நம் போதகர்கள் யோசிக்க வேண்டும். இந்தியாவில் மதப் பிரசாரத்துக்குச் சுற்றுலா விசா செல்லாது. அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ், கால்பந்துப் பயிற்சியாளராகவும் இருந்தவர், 2018 நவம்பரில் அந்தமானின் வட சென்டினல் தீவுக்கு ஊழியம் செய்யத் திருட்டுத்தனமாகப் போனார். பரிசுப் பொருள்களோடு ஒரு பந்தையும் கொண்டுபோனார். வெளியுலக நோய் ஒன்று பட்டாலே அழிந்துபோகக் கூடிய சிறு மக்கள் கூட்டம் அது. அதனாலேயே அங்கே போகத் தடை. அம்பு பட்டு அவர் இறந்தார். வருந்துகிறோம். ஆனால் கூலிக்குப் படகு ஓட்டிய மீனவர்கள் உள்ளிட்ட ஏழு பேர் கைதானார்கள். வந்தவருக்கு ஆபத்து என்றால் அவர் நாட்டுத் தூதரகம் இருக்கிறது. கூட இருந்து பாட்டுப் பாடிய நம் உபதேசியாருக்கு எந்தத் தூதரகம் இருக்கிறது?

இனி இரண்டாவது வாசலில் வந்த காவித் துண்டுக்காரர்களுக்கு.

நாங்கள் மேலே எழுதியதை வெட்டி எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று நினைக்காதீர்கள். ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்கு 1965 முதல் சேவை செய்த ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸை, பத்து வயதும் ஆறு வயதுமான இரண்டு மகன்களோடு வண்டியிலேயே வைத்து 1999 ஜனவரியில் எரித்தவர்களின் வாய்ப்பாட்டைத்தான் நீங்கள் ஒப்பிக்கிறீர்கள். ஸ்டெயின்ஸ் பத்து நாள் பயணியா? முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். ஆகவே உங்கள் கோபம் பயணத்தின் நீளத்தைப் பற்றியது அல்ல, குழந்தைகளின் நலனைப் பற்றியதும் அல்ல. 'அந்நியனே வெளியேறு' என்ற கூச்சல் எங்களுக்குப் புதிதல்ல. 1966-க்குப் பின் இதே பம்பாயில் அது எங்கள் மீதுதான் பாய்ந்தது. வேட்டி கட்டியவனும் இட்லி விற்றவனும் அடி வாங்கினான். அந்தத் தடியை இன்று எங்கள் கையில் கொடுத்து இன்னொருவனை அடிக்கச் சொல்கிறீர்கள். அந்த வேலைக்கு வேறு ஆள் பாருங்கள்.

நீங்கள் எப்போதாவது எங்கள் குழந்தைகளுக்கு மைதானம் எங்கே என்று கேட்டதுண்டா? இந்த நகரத்தில் 1982 வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். மில்கள் பூட்டின. மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுத் திடலுக்கு, மூன்றில் ஒரு பங்கு ஏழை வீடுகளுக்கு என்று 1991-இல் விதி வந்தது. 2001-இல் அந்த விதியைத் திருத்தி, கட்டிடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. திடலாக வேண்டிய மண்ணில் மால்களும் மாடிகளும் எழுந்தன. அப்போது உங்கள் துண்டு எந்தக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது? உள்ளூர் முதலாளி மைதானத்தை விழுங்கினால் தேசபக்தி, வெளியூர்ப் பையன் மிச்சச் சந்தில் பந்து உருட்டினால் தேசத்துரோகமா?

ஆக, தோழர்களே, காரணம் ஒன்றே. மைதானமும் பயிற்சியாளரும் இருந்தால் பத்து நாள் பந்துக்கு நம் பிள்ளை ஏங்கி நிற்க மாட்டான். 2009-இன் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளில் எத்தனைக்கு அது இருக்கிறது என்று பெற்றோரே எண்ணிப் பாருங்கள். அரசு கைவிட்ட இடத்தில் தர்மம் நுழைகிறது. தர்மம் நுழைந்த இடத்தில் அரசு இன்னும் சௌகரியமாகத் தூங்குகிறது.

வருகிறவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதை நம் மண்ணின் மைந்தர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக உழைத்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயரான வே.ச. அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில் உலக மிஷனெரித் தலைவர்கள் முன் எழுந்து பேசினார். உங்கள் தியாகத்துக்கு நன்றி, எங்களுக்கு வேண்டியது அன்பு, நண்பர்களைக் கொடுங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். சமமாக உட்கார்ந்து சாப்பிடும் நட்பைக் கேட்டார். கத்தோலிக்கப் பாதிரியார் இவான் இல்லிச்சும் 1968-இல் மெக்சிகோவில், தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேராகவே, உங்கள் நல்லெண்ணத்தை வீட்டில் வைத்துவிட்டு, வேண்டுமானால் பார்க்கவும் படிக்கவும் வாருங்கள் என்ற பொருளில் பேசினார். இருவரும் சபையின் பிள்ளைகள். நாம் அவர்களோடு நிற்கிறோம்.

ஆகவே நம் சங்கத்தின் நிலை இது. கோயிலோ மசூதியோ சபையோ கம்பெனியோ, வெளிநாடோ உள்நாடோ, நம் குழந்தைகளிடம் யார் வந்தாலும் ஒரே நிபந்தனைதான். பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். வருகிறவர் தம் நாட்டில் காட்டும் போலீஸ் சான்றை இங்கேயும் காட்ட வேண்டும். நம் பெரியவர்கள் இருவர் எப்போதும் உடன் இருப்பார்கள். சம்மதமில்லாமல் படம் கூடாது. ஜெபம் பந்துக்கு விலையாகக் கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலேயே பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சமய வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. தெருவிலும் நாம் அதே மரியாதையைக் கேட்கிறோம். ஜெபிக்க விரும்பும் குடும்பம் ஜெபிக்கட்டும், விரும்பாத குழந்தைக்கும் அதே பந்து, அதே பனியன், அதே பிஸ்கட். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்து போகிற செலவில் ஒரு பங்கையாவது உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரின் ஆண்டுச் சம்பளமாக வைத்துவிட்டுப் போகட்டும். இதற்கு ஒப்புக்கொள்கிறவரை மாலை போட்டு வரவேற்போம். முடியாது என்கிறவருக்குக் கை கூப்பி விடை கொடுப்போம். அடிக்க மாட்டோம், அடிக்க விடவும் மாட்டோம்.

சபை இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த அளவுகோல் வெள்ளைக்காரருக்கு மட்டும் அல்ல. திருநெல்வேலிச் சபையார் 1903-லேயே தங்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனெரிச் சங்கம் அமைத்துத் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் அந்த மொழியைக் கற்றார்கள், அந்த மக்களோடு வாழ்ந்தார்கள். நாளை நீங்களும் பந்தோடு நேபாளத்துக்கோ ஆப்பிரிக்காவுக்கோ புறப்படலாம். அந்த ஊர்த் தாயும் நம் தாயைப் போலத்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர்கள் மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொண்டு, அங்கே ஏற்கெனவே பயிற்சி தருகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பெற்றோரே! வருகிற ஞாயிறு முதல் நம் சங்கத்தில் ஆடத் தெரிந்த ரயில்வே தோழர்கள் முறை வைத்துக் குழந்தைகளோடு நிற்பார்கள். பெண் குழந்தைகளுக்குத் தாய்மார்கள் இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பந்து வாங்கச் சங்கப் பெட்டியில் பணம் இருக்கிறது. திடல்தான் இல்லை. அதற்காக மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவில் கையெழுத்து இயக்கம் தொடங்கிவிட்டது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பாராமல் எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டும். தர்மத்துக்குக் கை நீட்டி நம் பிள்ளைகள் வளர வேண்டாம். அவர்களுக்குச் சேர வேண்டிய மண்ணை உரிமையாகக் கேட்டு வாங்குவோம்!